மூன்றாவது தலையணை

2004-ஆம் வருஷம், ஜனவரி முதல் வாரம். இடம், சின்னமனூர் மெயின் ரோட்டை ஒட்டியிருக்கும் என் மோட்டார் காயில் கட்டும் கடை. அன்று காலை எட்டு மணிக்கு என் கழுத்திலிருந்து ஐயப்ப மாலையைக் கழற்றினார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் ஒரு மினி லாரியில், வாழைத்தார்களோடு இன்னொரு வாழைத்தாராகச் சாய்ந்து, தேனி ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். நடுவில் நடந்ததையும் பிறகு நடந்ததையும்தான் சொல்லப்போகிறேன். அத்தனையும் நிஜம். பொய் சொல்வதாக இருந்தால் என்னை இன்னும் கொஞ்சம் லட்சணமாகக் காட்டியிருப்பேன்.

எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் கிணற்று மோட்டார் எரிந்தால் என் கடைக்கு வரும். கரிந்த காயிலை உருவிப் போட்டுவிட்டு, புதுத் தாமிரக் கம்பி சுற்றி, வார்னிஷ் அடித்து, ஓடவிட்டுக் கொடுப்பேன். முக்கால்வாசி மோட்டார் எரிவதற்கு ஒரே காரணம்தான். வோல்டேஜ் குறைந்த நேரத்தில், தண்ணீர் கொஞ்சமாவது வருகிறதே என்று விடாப்பிடியாக ஓட்டுவார்கள். மோட்டார் உறுமும், சூடாகும், கடைசியில் புகையும். கொண்டு வருகிற ஒவ்வொருவரையும் நிற்க வைத்து ஒரு பிரசங்கம் செய்யாமல் விடமாட்டேன். "சத்தம் மாறும்போதே நிறுத்த வேணாமாண்ணே? அது வாயில்லா சீவன். அதுக்குத் தெரிஞ்ச பாஷையில சொல்லுது, உங்க காதுலதான் விழல" என்பேன்.

இப்படி ஊருக்கு உபதேசம் செய்தவன் கடையைச் சாத்தியதும் குடிக்கப் போவான். பதினைந்து வருஷப் பழக்கம். குவார்ட்டரில் ஆரம்பித்து அரைப் பாட்டிலுக்கு வந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அளவு கிடையாது. பகலில் மட்டும் தொடமாட்டேன். கம்பி சுற்றும்போது ஒரு சுற்று பிசகினாலும் மோட்டார் காட்டிக் கொடுத்துவிடும். அதில் எனக்கு ஒரு கர்வம்.

அதைவிடப் பெரிய கர்வம் ஒன்று உண்டு. கார்த்திகை முதல் தேதி மாலை போட்டால் நாற்பத்தெட்டு நாளைக்கு ஒரு சொட்டுத் தொடமாட்டேன். ஒன்பது வருஷமாக அப்படித்தான். குடிகாரன் என்றால் விட முடியாதவன். நான்தான் வருஷா வருஷம் விட்டுக் காட்டுகிறேனே, பிறகு நான் எப்படிக் குடிகாரன் ஆவேன்? மனைவி எதையாவது சொல்ல வாயெடுத்தால் இதைத்தான் எடுத்து விடுவேன். அவள் உள்ளே போய்விடுவாள். வாதத்தில் ஜெயித்துவிட்டதாக நினைத்து நான் மீசையைத் தடவிக்கொள்வேன்.

இது என் ஒருவனுடைய வாதமில்லை. கார்த்திகை பிறந்தால் எங்கள் கடைவீதியில் பாதிக் கழுத்தில் மணிமாலை தொங்கும். கறிக்கடைக்காரர் மத்தியானமே கட்டையைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார். பாட்டில் கடையில் விற்கிறவரே கறுப்பு வேட்டி கட்டி, திருநீறு பூசி உட்கார்ந்திருப்பார். இந்த நாற்பத்தெட்டு நாளில் குடல், ஈரல், நெஞ்சு எல்லாம் கழுவி விட்ட மாதிரி ஆகிவிடும், மிச்ச நாளைக்கு அது தாங்கும் என்பது எங்கள் செட்டு கண்டுபிடித்த வைத்தியம். வண்டியை வருஷம் ஒரு தடவை சர்வீஸுக்கு விடுகிற மாதிரி.

அந்த வைத்தியத்தில் என் சொந்தச் சரக்கும் ஒன்று இருந்தது. மாலை போடுவதற்கு முந்தின நாள் ஒரு முழுப் பாட்டில் வாங்கி, கழற்றுகிற நாளுக்கென்று ஒளித்து வைத்துவிடுவேன். அந்த வருஷம் ஒளித்த இடம், காயில் உருவிய ஒரு மோட்டார் கூடு. ஐந்து குதிரைச் சக்தி மோட்டார். உள்ளே காலியாக, பாட்டிலுக்கென்றே கடைந்த மாதிரி இருந்தது. சாக்கைச் சுற்றி உள்ளே இறக்கி, மேலே மூடியை மாட்டிவிட்டேன்.

அந்த மோட்டார் வாய்க்கால் கரையோரம் வாழை போட்டிருக்கும் ஒரு விவசாயியுடையது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் சுருக்கென்று இருக்கும். வேறொரு மோட்டாரை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தார் என்பதால், எட்டு மாதமாக அவருக்கு 'நாளைக்கு' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். கார்த்திகையில் வந்து கேட்டார். மாலையோடு இருப்பவனைத் திட்ட முடியாதே. "சாமி மலைக்குப் போயிட்டு வந்து, மாலை கழத்துற அன்னைக்கே முடிச்சுத் தந்துருது, வந்து எடுத்துக்கங்க சாமி" என்று கைகூப்பினேன். அவர் தேதியைக் கேட்டு, சட்டைப்பையில் இருந்த காகிதத்தில் எழுதிக்கொண்டு போனார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் அதற்கு முந்தின கோடைக்குக் கொஞ்சம் திரும்பிப் போக வேண்டும். அவர் தோட்டத்து மோட்டாரைக் கழற்றப் போனவனே நான்தான். ரோட்டிலிருந்து வாய்க்கால் கரையில் ஒன்றரைக் கிலோமீட்டர் நடை, கடைசியில் ஒரு சின்ன மேடு. முன்பெல்லாம் ஸ்பேனர் பையோடு பீடி புகைத்துக்கொண்டே போய்விடுவேன். அந்தத் தடவை மூச்சு வாங்கியது. பனைமரத்தடியில் ஒரு தடவை, மடையில் ஒரு தடவை, மேட்டுக்குக் கீழே ஒரு தடவை, மேட்டில் பாதியில் ஒரு தடவை என்று நாலு தடவை உட்கார்ந்தேன். அவரே செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். நான் வாயு என்று சொல்லி ஒரு ஏப்பம் விட்டுக் காட்டினேன்.

பிறகு செருப்பு இறுக்க ஆரம்பித்தது. சாயங்காலமானால் காலில் வார் பதிந்த இடம் பள்ளமாகத் தெரியும். தோல் சரியில்லை என்று செருப்புக் கடைக்காரரிடம் சண்டை போட்டு, ஒரு நம்பர் பெரிய செருப்பாக மாற்றி வந்தேன். ரெண்டு மாதத்தில் அதுவும் இறுக்கியது. நாற்பத்திரண்டு வயதில் எனக்குக் கால் வளருகிறது என்று கடையில் சொல்லிச் சிரித்தேன்.

அதற்கும் பிறகு தலையணை. ஒரு தலையணை வைத்துப் படுத்தால் மூச்சு முட்டியது. இலவம்பஞ்சு அமுங்கிக் கட்டியாகிவிட்டது என்று முடிவு செய்து இன்னொன்று வாங்கினேன். ரெண்டு வைத்தால் சரியாக இருந்தது. ஐப்பசியில் ரெண்டும் போதவில்லை. போடியிலிருந்து பஞ்சு வாங்கி வந்து தைத்துக் கொடுத்தவரைக் கடைவீதியில் நிறுத்தி, "பஞ்சுன்னு சொல்லிப் பருத்திக் கொட்டையை அடைச்சு வச்சிருக்கீக" என்று சத்தம் போட்டேன். பாவம், அந்த மனிதர் இனாமாகவே மூன்றாவது தலையணை ஒன்றைக் கொடுத்து அனுப்பினார். பஞ்சு, தோல், வாயு என்று ஊரில் இருக்கிற அத்தனை பேர் மீதும் எனக்குச் சந்தேகம் இருந்தது. என் மீது மட்டும்தான் இல்லை.

மாலை போட்டதும் முதல் வாரம் பெரும்பாடு. கை நடுங்கியது. பச்சைத் தண்ணீரில் குளிப்பதால் குளிர் என்றேன். விரதத்தில் தலையணையும் கிடையாது, வெறும் பாய்தான். படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே கிடந்தேன். பக்தி முற்றிவிட்டது என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். ஆனால் மூன்று வாரம் போனதும் பாருங்கள், கால் வீக்கம் வற்றியது, பாயில் தட்டையாகப் படுத்துத் தூங்கினேன். எல்லாம் சாமி புண்ணியம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். குடிக்காததால் இருக்குமோ என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. காயில் எரிந்ததற்கு ஆயிரம் பேருக்குக் காரணம் சொன்ன மூளை இது.

பம்பையிலிருந்து நீலிமலை ஏறும்போது மட்டும் பழைய மூச்சிரைப்பு திரும்ப வந்தது. பத்து அடிக்கு ஒரு தடவை நின்றேன். எங்கள் குருசாமி என்னைவிட வயதில் சின்னவர். கூடவே நின்று நின்று அலுத்துப்போய், டோலி சொல்லட்டுமா என்று கேட்டார். டோலியில் போனால் புண்ணியம் முழுக்கத் தூக்குகிறவர்களுக்குப் போய்விடும் என்று சொல்லி, ஒருவழியாக உருண்டு புரண்டு ஏறிவிட்டேன். வயதாகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வயதின் மீதும் பழி போட்டாயிற்று.

ஊர் திரும்பி, வீட்டில் பூஜை செய்து, மாலையைக் கழற்றினார்கள். அதுவரைக்கும் என் மனைவிக்கு நான் சாமி. 'சாமி குளிக்க வாங்க', 'சாமி சாப்பிட வாங்க' என்று நாற்பத்தெட்டு நாளும் மரியாதை கொடிகட்டிப் பறந்தது. கழற்றிய கையோடு நான் சட்டையை மாட்டியதைப் பார்த்து, "கடைக்குத்தானே போறீக?" என்றாள். கடைக்குத்தான் என்றேன். அது பொய் இல்லை.

பக்கத்து லேத் பட்டறைக்காரன் என் கூட்டாளி. அவனும் அன்றுதான் மாலை கழற்றியிருந்தான். ஷட்டரைப் பாதி இறக்கி, பத்து மணிக்கு ஆரம்பித்தோம். அவன் கொண்டு வந்த பாட்டிலை முதலில் முடித்து, பிறகு மோட்டார் கூட்டிலிருந்து என்னுடையதை எடுத்தோம். நாற்பத்தெட்டு நாள் விட்டதை ஒரே நாளில் பிடித்துவிட வேண்டும் என்கிற வேகம். மூன்று மணிக்கு அதில் பாதி மிச்சம் இருந்தது. மூச்சு விட்டுக்கொண்டு தொடரலாம் என்று, திரும்பவும் சாக்கைச் சுற்றிக் கூட்டுக்குள்ளேயே வைத்து மூடினேன். ஒளித்து வைத்துக் குடிப்பதில் ஒரு ருசி இருக்கத்தானே செய்கிறது.

நாலு மணிக்கு வாசலில் மினி லாரி வந்து நின்றது. வாழைக்காய் விவசாயி. தேனிக்குத் தார் ஏற்றிக்கொண்டு போகிறார், வழியில் மோட்டாரை எடுக்க வந்திருக்கிறார். காகிதத்தில் எழுதிக்கொண்டு போன தேதி அதுதான். ஷட்டரைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். மோட்டார் வெறும் கூடாகவே கிடந்தது. நாங்கள் கிடந்த கோலத்தையும் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. "வேற எடத்துல குடுத்துக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கூட வந்த லோடு மேனை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, கூட்டைத் தூக்கி லாரியில் வைத்தார். வண்டியைக் கிளப்பிவிட்டார்.

மோட்டார் போனது பற்றி எனக்குக் கவலையில்லை. பாதிப் பாட்டில் அல்லவா போகிறது. "அண்ணே, நில்லுங்கண்ணே" என்று எழுந்து ஓடினேன். தொழில் போகிறதே என்ற ரோஷத்தில் ஓடுகிறேன் என்று அவர் நினைத்தாராம். மூன்று எட்டுத்தான் வைத்திருப்பேன். நெஞ்சுக்குள் என்னவோ கழன்றுகொண்ட மாதிரி இருந்தது. வலி என்று சொல்ல முடியாது. மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தேன். ஒரு துடிப்பு, பிறகு ஒன்றுமே இல்லை, பிறகு நாலைந்து சேர்ந்தாற்போல ஓட்டம், பிறகு மறுபடி ஒன்றுமில்லை. மூன்று ஃபேஸில் ஒரு ஃபேஸ் போன மோட்டார் இப்படித்தான் துடிக்கும், உறுமும், சுற்றாது. இருபது வருஷம் கேட்ட சத்தம், முதல் தடவையாக உள்ளேயிருந்து கேட்டது. கண் இருட்டி ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். சட்டை நனைந்துவிட்டது.

கூட்டாளி ஓடிவந்து, கேஸ்தான் என்று சொல்லி சோடாவை வாயில் ஊற்றி முதுகில் குத்தினான். கிளம்பிப் போன லாரி பின்னோக்கி வந்து நின்றது. விவசாயி இறங்கி என் முகத்தைப் பார்த்தார். "ஏலே, சோடாவக் கீழ போடு. இது கேஸு இல்ல. தூக்கு" என்றார். முன்சீட்டில் உட்கார வைத்தால் சரிந்தேன். அதனால் பின்னால் தார்களுக்கு நடுவே வைக்கோலில் சாய்த்து, லோடு மேனைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். காலுக்குப் பக்கத்தில் அந்த மோட்டார் கூடு. செத்துப்போனால் பாட்டிலோடு போவோம் என்று ஒரு எண்ணம் வந்தது. சிரிப்பு வரவில்லை. எனக்குச் சிரிப்பு வராத முதல் நகைச்சுவை அதுதான்.

தேனியில் அல்லிநகரம் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒரு பெண் டாக்டர். நெஞ்சில் வயர்களை ஒட்டி, காகிதம் ஓடவிட்டுப் பார்த்தார். எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்டார். "நாற்பத்தெட்டு நாளா தொடல மேடம். இன்னைக்குத்தான்" என்றேன். கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யலாம், அவ்வளவு உண்மை. டாக்டர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்.

"எத்தனை தலையணை வச்சுப் படுப்பீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தலையணைச் சமாசாரம் இந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? பஞ்சுக்காரர் இவருக்குச் சொந்தமோ? நான் திருதிருவென்று விழிக்கும்போதுதான் என் மனைவி பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். டாக்டர் அதே கேள்வியை அவளிடம் கேட்டார்.

"சாமி மொதல்ல ஒண்ணுதான் வச்சாக" என்று ஆரம்பித்தாள். காலையிலேயே கழற்றிய மாலை இன்னும் அவள் வாயிலிருந்து இறங்கவில்லை. "பொறகு ரெண்டு. ஐப்பசியில மூணு. அப்பவும் சில நாள் எந்திரிச்சு உக்காந்துக்குவாக. செருப்பு ரெண்டு தடவ மாத்திட்டாக. படியேறுனா நிக்கிறாக. எதையும் கேட்டா சண்டைக்கு வருவாகன்னு நான் பாத்துக்கிட்டே இருந்தேன்." எல்லாவற்றையும் மனதுக்குள் எழுதி வைத்திருந்து, கேட்பதற்கு ஒரு ஆள் வரட்டும் என்று காத்திருந்தவள் போலச் சொன்னாள்.

ஆறு நாள் அங்கே இருந்தேன். மருந்து ஏற்றி, மறுநாள் துடிப்பு ஒழுங்குக்கு வந்தது. ஸ்கேனும் எடுத்தார்கள். பிறகு டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். நெஞ்சில் அடைப்பு இல்லை. வருஷக்கணக்காகக் குடித்ததில் இதயத்தின் தசையே பழுதாகி, தொளதொளவென்று விரிந்துபோயிருக்கிறது. தண்ணீர் இறைக்கிற பம்ப் மாதிரிதான் அது; இறைக்க வேண்டியதில் பாதிகூட இறைக்கவில்லை. இறைபடாத ரத்தம் பின்னால் தேங்க, அந்த நீர்தான் காலில் வீக்கமாகவும், படுத்தால் நெஞ்சில் முட்டலாகவும் வந்திருக்கிறது. பலவீனமான இதயத்தின் மீது ஒரே நாளில் அவ்வளவு சாராயத்தை ஊற்றியதும் அதை ஓட்டுகிற மின்சாரமே தாறுமாறாகிவிட்டது. தாமதித்திருந்தால் உள்ளே ரத்தம் உறைந்து மூளைக்குப் போயிருக்கலாம், அல்லது மொத்தமாகவே நின்றிருக்கலாம்.

பம்ப் என்று சொன்னதும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்குத் தெரியாத ஒரு மெஷினைச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

என் நாற்பத்தெட்டு நாள் விரதத்தைப் பற்றி மெதுவாக எடுத்து விட்டேன். தினமும் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்புக்கூட வரலாம், டாக்டரிடம் காட்டித்தான் நிறுத்த வேண்டும், ஒன்பது வருஷம் தப்பித்தது உங்கள் அதிர்ஷ்டம் என்றார். ஆனால் அந்த நாட்களில் வீக்கம் வற்றியது நல்ல சேதி, முழுக்க விட்டுவிட்டால் இந்தத் தசை நிறையவே தேறக்கூடும், எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை என்றும் சொன்னார். நான் ஆவலாக, "அப்ப எத்தனை நாள் விடணும் மேடம்?" என்று கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். "அந்த நாள் கணக்குதான் உங்களை இங்க கொண்டுவந்திருக்கு" என்றார்.

உப்புக் குறைக்க வேண்டும், மாத்திரை விடக்கூடாது, மலை ஏறக்கூடாது. அடுத்த கார்த்திகைக்கு மாலை கிடையாது என்று அர்த்தம். அதுதான் எனக்குப் பெரிய இடியாக இருந்தது. மாலை போட்டிருந்தால் விடுவது சுலபம். ஒருத்தனும் ஊற்றித் தரமாட்டான், ஊரே சாமி என்று கும்பிடும், வாய் கேட்டாலும் கழுத்து தடுக்கும். வெறும் கழுத்தோடு விடுவது எப்படி என்று எனக்குத் தெரியவே தெரியாது. ஒன்பது வருஷமும் விட்டது நானில்லை, மாலைதான் என்று அப்போது விளங்கியது.

மூன்று மாதம் பல்லைக் கடித்து ஓட்டினேன். பங்குனியில் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. பந்திக்குப் பின்னால் ஆண்கள் கூடியிருந்தார்கள். எனக்கும் ஒரு டம்ளர் நீண்டது. வேண்டாம் என்றேன். "மாலையும் போடல, காப்பும் கட்டல, ஒனக்கு என்னப்பா கேடு?" என்று ஒருவர் கேட்டார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். டாக்டர் அப்படித்தான் சொல்வார் என்றார்கள். சிரித்துச் சமாளித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஆனால் அந்த வாசனை மூக்கிலேயே நின்றுகொண்டது.

பஸ்ஸை விட்டு இறங்கியவனுக்கு மோட்டார் கூட்டின் ஞாபகம் வந்தது. பாதிப் பாட்டில் அதற்குள்தானே இருக்கிறது. என் மூளை உடனே ஒரு சட்டம் எழுதியது. புதிதாக வாங்கினால்தான் குடித்ததாக ஆகும். ஏற்கெனவே திறந்ததை முடிப்பது குடிப்பதில் சேராது, அரைகுறையாக நின்ற வேலையை முடிப்பதுதான். அதுவும் டாக்டர் சொல்வதற்கு முன்னால் திறந்தது. மோட்டாரைக் கட்டித் தருகிறேன் என்று கேட்டு வாங்கினால் யாருக்கும் சந்தேகமும் வராது. வெயில் தாழ்ந்த நேரம். விறுவிறுவென்று வாய்க்கால் கரையில் நடந்தேன்.

மோட்டார் ரூம் வாசலில் அவர் மண்வெட்டி கழுவிக்கொண்டிருந்தார். மோட்டாரை வேறு எங்கேயும் கொடுக்கவில்லை. கூடு ஓரமாக, சாக்கு இல்லாமல் கிடந்தது. நான் தயாரித்து வைத்திருந்த பேச்சைத் தொடங்கும் முன்னாலேயே, ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேலே இருந்த பலகையைக் காட்டினார். "ஒன் சாமானு அங்கன இருக்கு" என்றார். பாட்டில் அங்கே நின்றது. மேலே ஒரு சிரட்டை கவிழ்த்திருந்தது. தூசி படியாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார், பாவி மனுஷன்.

கூச்சத்தில் நின்றேன். அவர் பாட்டிலைப் பார்க்கவில்லை. என்னையே மேலும் கீழுமாகப் பார்த்தார். பிறகு நான் வந்த வாய்க்கால் கரையைப் பார்த்தார்.

"எங்கனயும் உக்காராமயா வந்த?"

திரும்பிப் பார்த்தேன். மேடு, மடை, தூரத்தில் பனைமரம். நாலு இடத்தில் உட்கார்ந்து வந்த பாதை. பாட்டில் நினைப்பில் நான் எங்கேயும் நின்றதாகவே ஞாபகமில்லை. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். வேகமாகத்தான் அடித்தது, ஆனால் ஒழுங்காக அடித்தது. ஒன்று, ஒன்று, ஒன்று என்று புதுக் காயில் கட்டிய மோட்டார் மாதிரி. இந்த நெஞ்சு தேறியதே, அதை மறுபடி எரிக்கப் போகும் வழியில்தான் எனக்குத் தெரியவேண்டுமா என்று வெட்கமாகிவிட்டது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மூச்சு வாங்கி இல்லை.

"ஆமாண்ணே. உக்காரல" என்றேன்.

"வோல்டேஜு இல்லாம ஓட்டாதீகன்னு என்னைய எத்தன தடவ வஞ்சிருக்க" என்றார். அத்தனையும் என் வசனம்தானே.

பாட்டிலை எடுத்துத் திறந்து வாய்க்காலில் கவிழ்க்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். கீழே மாடு தண்ணீர் குடிக்குமாம். வாழைத் தூரில் ஊற்றப் போனேன். "ஏப்பா, அதையும் ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டு அலையவா?" என்றார். மாட்டுக்கும் ஆகாது, மரத்துக்கும் ஆகாது என்று அவர் யோசித்து வைத்திருந்ததைப் பதினைந்து வருஷம் எனக்கே ஊற்றியிருக்கிறேன். கடைசியில் மோட்டார் ரூமுக்குப் பின்னால் குமித்திருந்த மணலில் ஊற்றினேன். மறுநாள் அந்த மோட்டாரைக் கடைக்கு வரவழைத்து இரண்டே நாளில் கட்டிக் கொடுத்தேன். என் தொழில் வாழ்க்கையில் சொன்ன தேதிக்குக் கொடுத்த முதல் மோட்டார்.

இது நடந்து ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. மாத்திரை இன்னும் உண்டு. ரெண்டாவது வருஷம் ஸ்கேன் பார்த்த டாக்டர், பம்ப் ஏறக்குறைய சரியாகிவிட்டது, ஆனால் பழையபடி குடித்தால் பழையபடி ஆகும் என்றார். லேத் கூட்டாளி போன வருஷம் செருப்பு இறுக்குகிறது என்று கடையில் சொல்லிச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை, வீட்டில் எத்தனை தலையணை என்று கேட்டேன். ரெண்டு என்றான். அன்றைக்கே ஷட்டரை இறக்கிவிட்டு அவனைத் தேனிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

மலை ஏறலாம் என்று டாக்டர் அனுமதித்த வருஷம் மறுபடியும் மாலை போட்டேன். கழற்றிய அன்று காலை, சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினேன். கடைக்குத்தானே என்று மனைவி கேட்கவில்லை. "சாமி, காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றாள். மாலை கழற்றியாயிற்று என்று நான் ஞாபகப்படுத்தினேன். தெரியும் என்றாள். மாலைக்கு நாற்பத்தெட்டு நாள் என்று ஒரு கணக்கு இருக்கிறது, நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டிருப்பதற்கு அப்படி ஒரு கணக்கும் கிடையாது, கழற்றி வைத்து வேறு காயில் கட்டவும் முடியாது என்பதை, பரணில் சும்மா கிடக்கும் அந்த மூன்றாவது தலையணையைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.